குழாய் திரும்பிய பக்கம்

சவுக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் கம்பத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்த அலுமினிய ஒலிபெருக்கிக் குழாயின் அகன்ற வாயைப் பிடித்து அவர் மெல்லத் திருப்பியதை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். பங்குனி மாதத்துப் பிற்பகல். உலர்ந்த துணிகளை எடுக்கப் போயிருந்தேன். பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் திரும்பத் திரும்பப் பாட்டின் கனமும் காலனி வீடுகளை விட்டு நகர்ந்து, ஏரி மதகைத் தாண்டி, அறுப்பு முடிந்து கிடந்த வயல்களின் மேல் போய் விழுந்தது. அங்கே வீடு கிடையாது, ஆள் கிடையாது. நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே நாலைந்து கொக்குகள் மட்டும் நின்றிருந்தன. கீழேயிருந்து மைக் செட்காரர் ஏதோ கத்தினார். அதற்கு அவர் மேலேயிருந்து சொன்ன பதில் என் காது வரைக்கும் வந்தது. "யாருக்கும் வேணாங்க. கொஞ்ச நேரம் வயலு கேக்கட்டும்."

அவர் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். அண்டை வெட்டுவது, மடை திருப்புவது, கரும்புக்குத் தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர்தான். என் அப்பாவைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவராக இருப்பார். ஆனாலும் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், 'வா, போ' என்றுதான் பேசினேன். எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். அவர் என்னைப் 'பாப்பா' என்பார். அவர் பெயரை இப்போது எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆகவே இந்தக் குறிப்பில் அவரை அவருடைய மகளை வைத்தே சொல்லப்போகிறேன். அவர் என்னோடு படித்தவளின் அப்பா.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்த் தெருக்கள் ஒரு புறம், காலனி மறு புறம், இரண்டுக்கும் நடுவில் மந்தைவெளி. மந்தைவெளியில் அம்மன் கோயில். பங்குனியில் பத்து நாள் திருவிழா. கொடியேறும் நாளிலேயே மைக் செட் வந்துவிடும். விடியற்காலை அம்மன் பாட்டில் தொடங்கி, எட்டு மணிக்கு மேல் சினிமாப் பாட்டுக்கு மாறி, இடையில் மின்சாரம் நின்றால்தான் பாட்டும் நிற்கும். அந்த வருஷம் புதிதாக வந்திருந்த ஒரு குத்துப்பாட்டை மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டார்கள். எனக்கு இன்று வரை அதன் ஒவ்வொரு வரியும் தெரியும். நானாக விரும்பி ஒரு முறைகூட அதைக் கேட்டதில்லை. பாட்டு வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் யாரையும் கேட்கிற வழக்கமில்லை. சத்தம் ஊருக்கு ஒரு கௌரவம். திருவிழாவை முன்னின்று நடத்திய என் அப்பா, "நைனார்பாளையத்துல காதுல வுழணும், அப்பத்தான் திருழா" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். காலனிக்காரர்கள் அப்போது கோயிலுக்குள் வரக்கூடாது. அவர்களை உள்ளே விடாத ஊர், கோயில் பாட்டை மட்டும் அவர்கள் வீட்டுக்குள் தாராளமாக விட்டது.

அந்த வருஷம் நானும் அவர் மகளும் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கணக்கில் அவளை யாரும் நெருங்க முடியாது. தொகைநுண்கணிதத்தில் நான் அரைப் பக்கம் அடித்துத் திருத்திப் போடுவதை அவள் நாலே வரியில் முடித்துவிட்டு, நோட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பாள். நானும் பார்த்து எழுதிக்கொள்வேன். பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்தவர்கள், ஊருக்குள் வந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவோம். அவள் எங்கள் வீட்டு வாசல்படிக்கு மேல் வந்ததில்லை. நான் காலனிப் பக்கம் போனதே இல்லை. அவள் வீடு ஒற்றை அறை, சன்னலுக்குக் கதவு கிடையாது என்பதெல்லாம் அவள் பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்ததுதான்.

கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முன்பே திருவிழா தொடங்கிவிட்டது. மைக் செட்டில் ஒரே குழாய்தான். அது எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. மாடி அறையின் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் மேசை மேலிருந்த தண்ணீர்ச் சொம்பு அதிரும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை அம்மனுக்குப் பூ கொடுக்கிற சாக்கில் கோயிலுக்குப் போய், பந்தலில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மைக் செட்காரரிடம் சொன்னேன். "அண்ணே, எனக்குப் பரீச்சை. குழாய அந்தப் பக்கமா திருப்பி வச்சிடுங்களேன்."

"அதுக்கின்னா பாப்பா, இப்பவே திருப்பிடறேன்" என்று அவர் எழுந்துவிட்டார். நான் வீடு வந்து சேர்வதற்குள் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. 'அந்தப் பக்கம்' யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் அது மனத்தில் குறுக்கே வரவேயில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட என்னை நான் புரிந்துகொள்ள முடிந்திருக்கும். நினைப்பே வராமல் போனதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். பேசியது அவள்தான். எங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளறைச் சன்னலுக்குப் பின்னால், கையில் புத்தகத்தோடு இருந்தேன்.

"ஐயா, நாளைக்குக் கணக்குப் பரீச்சைங்க. நேத்துலேருந்து குழா எங்க பக்கம் பாத்துக்கினு இருக்குதுங்க. வூட்டுக்குள்ள ஒக்காரவே முடியல. கொஞ்சம் கம்மியாவது பண்ணச் சொன்னீங்கன்னா நல்லா இருக்குங்க."

"திருழான்னா பாட்டு இருக்கத்தான் செய்யும். பத்து நாளு. பொறுத்துக்க மாட்டீங்களா?"

"மைக் செட்டு அண்ணன்கிட்ட கேட்டேங்க. உங்க வூட்லேருந்து சொல்லித்தான் திருப்பினேன்னு..."

"எங்க வூட்லேருந்தா? நான் ஒண்ணும் சொல்லலியே." அப்பாவுக்கு உண்மையாகவே தெரியாது. கோபம்கூட இல்லாமல்தான் கேட்டார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, உனக்கும் இதே பரீச்சைதான. பாட்டு தொந்தரவா இருக்குதுன்னு நீ எதுனா குழாயத் திருப்பச் சொன்னியா?"

அவள் சன்னலைப் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வயசுப் பெண் தனியாக மந்தைவெளிக்குப் போய் வெளியூர் ஆளிடம் பேசினாள் என்றால் அப்பா என்ன சொல்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். அதையும் மீறி ஒன்று இருந்தது. ஆமாம் என்று சொன்னால் குழாய் மறுபடி எங்கள் தெருவுக்குத் திரும்பிவிடும். நான் சொன்னேன், "இல்லப்பா."

"பாத்தியா" என்றார் அப்பா, அவரைப் பார்த்து. "அதுவும் புள்ளதான. பொறுத்துக்கினு படிக்கலியா?"

அவர் மகளின் கையைப் பிடித்தார். "வா, போலாம். பாப்பாவே பொறுத்துக்கினு படிக்குது. உனுக்கு இன்னா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே அழைத்துப் போனார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. மகளை எண்ணி எங்கள் முன்னால் வெட்கப்பட்டார்.

அன்று பிற்பகல்தான் அவர் கம்பத்தில் ஏறியது. வீட்டுக்குப் போனவர், அவள் காதுகளில் துணியை அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டே கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். எங்கள் தெருவுக்கும் திருப்பவில்லை, காலனிக்கும் விடவில்லை. வயலுக்குத் திருப்பினார். அதைவிட நியாயமான ஒரு தீர்ப்பை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அந்த மந்தைவெளியில் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் இறங்கி வருவதற்குள் ஊர்ப் பையன்கள் கூடிவிட்டார்கள். கோயில் கம்பத்தில் அவன் எப்படிக் கை வைக்கலாம் என்பதே பேச்சு. பாதிக் கம்பத்தில் இருந்தவரின் காலைப் பிடித்து ஒருவன் இழுத்தான். பந்தல்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லின் மேல் அவர் விழுந்தார். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எழுப்பி நிறுத்தி அடித்தார்கள். சட்டை கிழிந்தது. அதற்குள் எங்கள் அப்பா ஓடிவந்து பையன்களை விலக்கினார். விலக்கிவிட்டு, "கம்பத்துல ஏறினது தப்பு. சபையில வுழுந்து கும்புட்டுட்டுப் போகட்டும். இதோட வுடுங்க" என்றார். அவர் தரையில் விழுந்து கும்பிட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்க்க வேண்டும். வலது கை வரவில்லை. இடது கையை மட்டும் நீட்டிக்கொண்டு மண்ணில் கிடந்தார். கூட்டத்துக்கு வெளியே அவள் நின்றாள். நான் மாடியில், கையில் துணிகளோடு, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா வீட்டுக்கு வந்து, "பெரிய அடிதடி ஆகாம முடிச்சுட்டேன்" என்று நிம்மதியோடு சொன்னார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவரின் உயிரைக் காப்பாற்றியதாகத்தான் அவர் கடைசிவரை நம்பினார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். அப்பா சாப்பிட உட்கார்ந்தார், நான் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் அவள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பரீட்சைக்கு வந்தாள். முதல் நாள் உடுத்தியிருந்த அதே பாவாடை தாவணி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள் இடம். முதல் ஒரு மணி நேரம் வேகமாக எழுதினாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். வெளியே வந்ததும் என்னைத் தாண்டித்தான் போனாள். நிற்கவில்லை. முடிவு வந்தபோது கணக்கில் அவளைவிட எனக்குக் கூடுதல். கணக்கு ஆசிரியர் எல்லோர் முன்னாலும், "பரவாயில்லையே, அவளையே முந்திட்டியே" என்று பாராட்டினார். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கல்லூரியில் கணிதம் கிடைத்தது. அதை வைத்துத்தான் இன்று கள்ளக்குறிச்சியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன்.

அவருடைய மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாதவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? கோடை முடிவதற்குள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, மனைவியின் உறவுக்காரர்கள் இருந்த கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷங்களுக்கு மேல் அதோடு சரி. எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அப்பா இறந்தார். அவ்வப்போது எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் குத்துப்பாட்டு கேட்டால் சாப்பாடு பாதியில் நின்றுபோகும். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

போன வருஷம் தேர்வுப் பணிக்காக வெள்ளிமலைக்குப் போக வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதுமே பாட்டு தொடங்கிவிட்டது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பின் இருக்கைகளில் மலையிலிருந்து சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து திரும்புகிறவர்கள். அவர்களில் ஒரு பெண், கையில் ஊசி ஏற்றிய கட்டோடு இருந்த குழந்தையை மடியில் போட்டு அதன் காதுகளை இரண்டு உள்ளங்கைகளாலும் மூடியிருந்தாள். நான் நடத்துநரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்று உடனே போய் எதையோ திருகினார். என் தலைக்கு மேலிருந்த பாட்டு நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் குழந்தையின் காதுகளை இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். முன்னாலிருந்த ஒலிப்பெட்டியை மட்டும் அணைத்திருக்கிறார். பின்னால் அப்படியே அலறிக்கொண்டிருந்தது.

"பின்னாடியும் நிறுத்துங்க."

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்க யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே டீச்சர்" என்றார் அவர். எங்கள் அப்பாவைப் போலவே, கோபமில்லாமல்.

நான் எழுந்து நின்று சண்டை போட்டேன். பாட்டு நின்றது. ஆனாலும் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்வரை நான் உட்காரவில்லை. இத்தனை எளிதாக இன்று எழுந்து நிற்க முடிகிறவள், அன்று ஒரு 'ஆமாம்' சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் ஊரில் விசாரித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மரவள்ளித் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இடது கையால் கத்தியைப் பிடித்துக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். வலது கை கிழங்கை அழுத்திக்கொள்ள மட்டும் பயன்பட்டது. அப்பா பெயரைச் சொன்னதும் பதறி எழுந்தார். "ஐயா வூட்டு பாப்பாவா?"

"உட்காருங்க" என்றேன். நான் அவரிடம் சொன்ன முதல் 'ங்க' அது. அவர் விழித்துப் பார்த்தார். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது என்றார். மருமகன் பெங்களூரில் கட்டட வேலை. மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் நினைவில் இல்லை. நேராகச் சொல்லிவிட்டேன். "அன்னைக்குக் குழாயைத் திருப்பச் சொன்னது நான்தான்."

"எந்தக் குழா?" என்றவர், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். கத்தியைக் கீழே வைத்தார். "ஐயா உன்ன கேட்டாரே. நீ இல்லன்னு சொன்ன."

"ஆமாங்க. பொய் சொன்னேன்."

அவர் சீவிய தோலை இடது கையால் ஒரு பக்கமாகக் கூட்டித் தள்ளினார். பிறகு என்னிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, பொதுவாகப் பேசினார். "இவ அன்னிக்கே சொன்னா. ஆஸ்பத்திரில எனுக்குக் கட்டு போட்டுக்கினு இருக்கசொல்லவே சொல்லிட்டா, அந்தப் பொண்ணுதாம்பா திருப்பச் சொன்னது, மைக் செட்டுக்காரரே எங்கிட்ட சொன்னாருன்னு. நான் நம்பல. பெரிய வூட்டுப் புள்ள அப்பன் எதுர்ல பொய் சொல்லுமா, நீதான் பொறாமையில இல்லாதது சொல்றன்னு, நர்சம்மா பாக்கசொல்லவே இவள அடிச்சேன்." வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். "அதோட வுட்டேனா. கை வலிக்கிறப்பல்லாம் சொல்லிக் காட்டுவேன். பாப்பா பொறுத்துக்கினு படிச்சுது, உனுக்குத்தான் பொறுக்கல, உன்னாலதான் என் கை போச்சுன்னு. அவங்கம்மா சாவுலகூட சொன்னேன்."

ஒரு கைக்கும் சில மதிப்பெண்களுக்கும் மன்னிப்புக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். அந்த ஒரு சொல் எத்தனை வருஷம் எந்த வீட்டுக்குள் இருந்து என்ன செய்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவர் தம் மகளைவிட எங்கள் வீட்டை நம்பினார். நம்பும்படியாகத்தான் நாங்கள் அவரை வைத்திருந்தோம்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கதவோரம் நின்றவளைத்தான் பார்த்தார். "ஏம்மா, நீ சொன்னது நெசந்தான்" என்றார்.

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. "அடுப்புல ஒலை கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் வரவில்லை. அவர் இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். நிலைப்படியில் ஒரு கணம் நின்று, தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனார்.

நான் வேப்பமரத்தடியில் தனியாக இருந்தேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. மெதுவாக, விட்டு விட்டு, பேச்சு நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு முறை அவள் ஏதோ கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் பேச்சு என் காதுக்கு எட்டாத தூரம்வரை வேகமாக நடந்தேன்.